சூனியமோ ஜின்னோ என்ற சந்தேகம் வந்தால்: வீட்டிலேயே ஓதிப்பார்க்கும் முறை

வீட்டில் ஒருவர் திடீரென்று ஆள் மாறிப்போகிறார். பேச்சு குறைகிறது, தூக்கம் போகிறது, நடு இரவில் வேறு குரலில் கத்துகிறார். அக்கம்பக்கத்தில் யாராவது ஒருவர், "பார்க்கிற இடத்தில் ஒருதரம் பார்த்துவிடுங்களேன்" என்பார். அந்தச் சொல்லை நம்பிக் கிளம்பும் குடும்பம் பெரும்பாலும் கழுத்தில் தாயத்தும், நிலைப்படியில் தகடும், சொந்தத்துக்குள் பகையுமாகத் திரும்பி வருகிறது.

பார்க்கிற இடத்துக்கு, அதாவது குறிகாரரிடம், போகத் தேவையே இல்லை. இஸ்லாமிய மார்க்கம் காட்டிய வழி ஓதிப்பார்ப்பது, அதாவது குர்ஆன் வசனமும் துஆவும் (பிரார்த்தனையும்) ஓதிக் குணம் வேண்டுவது. அரபியில் ருக்யா. அதை நோயாளியே தனக்குச் செய்துகொள்ளலாம். அவரால் முடியாவிட்டால் தாயோ, தகப்பனோ, கணவனோ, மனைவியோ ஓதலாம். விசாரணைக் கணக்கின்றி சொர்க்கம் போகும் 70,000 பேரைப் பற்றிச் சொல்லும்போது, அவர்கள் பிறரிடம் போய் ஓதிப்பார்க்கக் கேட்காதவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் ஓர் அடையாளம் சொன்னார்கள். அதனால் முதல் இடம் தானே ஓதுவதற்குத்தான்.

முதலில் உடம்பைப் பாருங்கள்

இதைச் சொன்னால் ஈமான் (இறைநம்பிக்கை) குறைவு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் என்ற இரு நபிமொழித் தொகுப்புகளிலும் உள்ள ஒரு செய்தியைக் கவனியுங்கள். வலிப்பு வரும் ஒரு கருநிறப் பெண் நபியிடம் வந்து, "எனக்கு வலிப்பு வருகிறது, அப்போது ஆடை விலகிவிடுகிறது, துஆச் செய்யுங்கள்" என்றார். "விரும்பினால் பொறுமையாக இரு, உனக்குச் சொர்க்கம், விரும்பினால் குணமாக துஆச் செய்கிறேன்" என்பது பதில். பொறுத்துக்கொள்கிறேன், ஆடை விலகாதிருக்க மட்டும் துஆச் செய்யுங்கள் என்றார் அந்தப் பெண். அவரை யாரும் கட்டிவைக்கவில்லை, அடிக்கவில்லை, யார் செய்த வேலை என்று துருவவில்லை. "மருத்துவம் செய்யுங்கள், மருந்தில்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை" என்பதும் அதே நபியின் சொல்தான்.

ஜின் (கண்ணுக்குத் தெரியாத ஒரு படைப்பு) என்று நினைத்துக் கொண்டுவரப்படும் நிலைகளில் அடிக்கடி தென்படுவன சில. கை கால் இழுத்து, கண் செருகி, வாயில் நுரை வந்தால் அது வலிப்பு. ஆளை இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே துணியை மடித்து வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவிக்கொத்து திணிக்காதீர்கள், வாயில் கரண்டி வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஓதிய தண்ணீரும் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். 5 நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் 108, இலங்கையில் 1990.

பிள்ளை பெற்ற முதல் இரண்டு வாரங்களில் தாய் தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தையைக் கண்டு பயந்தால் அது பேறுகால மனநோயாக இருக்கக்கூடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம் அது. 'பச்சை உடம்பில் காத்து கருப்பு அடித்துவிட்டது' என்று ஒரு வாரம் கடத்தினால் தாய் சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து.

அமுக்குவான் பேய் என்று நாம் சொல்வது, மூளை விழித்தும் உடம்பின் தசைகள் தூக்கத்திலிருந்து விடுபடாத சில நொடிகள். நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். அறையில் ஆள் நிற்பதாகவும் தோன்றும். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். வலப்பக்கம் சாய்ந்து படுப்பது சுன்னத் (நபிவழி). இதற்கும் அது உதவுகிறது.

காதில் குரல் கேட்பது, யாரோ தன்னைக் கொல்லத் திட்டமிடுவதாக உறுதியாக நம்புவது, நாள் கணக்கில் தூங்காமல் அளவுக்கு மீறி உற்சாகமாகத் திரிவது, சாக வேண்டும் என்று சொல்வது ஆகியவற்றுக்கு மனநல மருத்துவர் வேண்டும். இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926. இரண்டும் அரசு உதவி எண்கள்.

மருத்துவம் முடிந்தபிறகு ஓதுவது, ஓதி முடிந்தபிறகு மருத்துவம் என்று வரிசை கட்ட வேண்டாம். இரண்டையும் ஒரே நாளில் தொடங்குங்கள். ஓதுவதற்காக மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும், எவ்வளவு நீளமான தாடி வைத்திருந்தாலும், அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

சூனியத்துக்குச் சக்தி உண்டா?

இங்கே மார்க்க அறிஞர்களான உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. பெரும்பாலான சுன்னத் வல் ஜமாஅத் அறிஞர்கள், சூனியத்துக்கு அல்லாஹ்வின் நாட்டத்துக்கு உட்பட்ட பாதிப்பு உண்டு என்றார்கள். ஹனஃபி அறிஞர் அபூபக்ர் அல்ஜஸ்ஸாஸும் இப்னு ஹஸ்மும் அது கண்கட்டும் ஏமாற்றும்தான் என்றார்கள். மூஸா நபியின் முன் கயிறுகள் ஓடுவதாக அவருக்குத் 'தோற்றமளித்தது' என்று குர்ஆனின் 20:66 (20ஆம் அத்தியாயம், 66ஆம் வசனம்) சொல்வது அவர்கள் காட்டும் ஆதாரங்களில் ஒன்று. லபீத் பின் அஃஸம் என்பவன் நபிக்குச் சூனியம் வைத்தான் என்ற புகாரியின் ஹதீஸை (நபிமொழியை) ஏற்பதா இல்லையா என்று தமிழ்நாட்டிலேயே பெரிய விவாதம் நடந்திருக்கிறது. ஜின் மனித உடலுக்குள் புகுமா என்பதிலும் அப்படித்தான். பெரும்பான்மையினர் 2:275இல் வரும் 'ஷைத்தான் தீண்டியவன்' என்ற உவமையைக் காட்டி ஆம் என்றார்கள், முஃதஸிலாக்கள் என்ற பழைய பகுத்தறிவுப் பிரிவினர் மறுத்தார்கள்.

எந்தப் பக்கம் நின்றாலும் செய்ய வேண்டியது மாறுவதில்லை. சூனியம் அழிவில் தள்ளும் ஏழு பெரும்பாவங்களில் ஒன்று என்பதில் இரு தரப்பும் ஒன்று. 'அல்லாஹ்வின் அனுமதியின்றி அதைக் கொண்டு அவர்கள் யாருக்கும் தீங்கு செய்ய முடியாது' என்று 2:102 சொல்வதிலும் ஒன்று. சூனியத்தை எடுக்க இன்னொரு சூனியக்காரனிடம் போவதை, அதாவது நம் ஊரில் 'எடுப்பு' என்பதை, நபி (ஸல்) அவர்கள் ஷைத்தானின் செயல் என்றார்கள்.

லபீதின் செய்தியை ஏற்பவர்கள் அதன் முடிவையும் சேர்த்து ஏற்க வேண்டும். சீப்பு, உதிர்ந்த முடி, ஆண் பேரீச்சம் பாளையின் உறை, தர்வான் கிணறு. சூனியம் வைத்த பொருள்களும் இடமுமான இதெல்லாம் பலருக்கு மனப்பாடம். அதற்குப் பிறகு என்ன நடந்தது? "அதை வெளியே எடுத்து மக்களுக்குக் காட்டக்கூடாதா?" என்று நபியின் மனைவி ஆயிஷா (ரலி) கேட்டபோது, "அல்லாஹ் எனக்குக் குணமளித்துவிட்டான், மக்களிடையே தீமையைக் கிளப்பிவிட நான் விரும்பவில்லை" என்றார்கள் நபி. கிணறு மூடப்பட்டது. செய்தவன் யார் என்று தெரிந்தும் ஊரைக் கூட்டவில்லை.

ஓதும் முறை

ஓதுபவர் தெளிவாகக் குர்ஆன் ஓதத் தெரிந்தவராக இருந்தால் போதும். ஹஸ்ரத்தாகவோ ஆலிம்சாவாகவோ இருக்க வேண்டியதில்லை. "இணைவைப்பு இல்லாதவரை ஓதிப்பார்ப்பதில் தவறில்லை" என்பது முஸ்லிமில் உள்ள நபிமொழி. அதனால் நிபந்தனை மூன்றுதான்: ஓதுவது குர்ஆனோ துஆவோ ஆக இருக்க வேண்டும், பொருள் புரிகிற சொற்களாக இருக்க வேண்டும், குணம் அல்லாஹ்விடமிருந்து என்ற எண்ணம் இருக்க வேண்டும். அரபி தெரியாதவர் தமிழில் துஆக் கேட்கலாம்.

அறையில் ஓடும் தொலைக்காட்சியை அணையுங்கள். உளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்துகொள்ளுங்கள். நோயாளியும் முடிந்தால் உளூச் செய்யட்டும். மாதவிடாயில் இருக்கும் பெண்ணுக்கு அருகில் உட்கார்ந்து ஓதுவதில் தடையில்லை. ஊதுபத்தி, சாம்பிராணி, எலுமிச்சம்பழம், தேங்காய் எதுவும் வேண்டாம். புகை மூச்சு முட்டவைத்துப் பதற்றத்தை மேலும் ஏற்றிவிடும். ஒரு சொம்பு தண்ணீரை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

நோயாளியின் தலையிலோ வலிக்கும் இடத்திலோ வலக்கையை வையுங்கள். அந்நியப் பெண்ணாக இருந்தால் தொடக் கூடாது, தனியறையிலும் ஓதக் கூடாது. மஹ்ரமான (மணமுடிக்கத் தடையுள்ள நெருங்கிய உறவான) ஒருவர் கூட இருந்தே ஆக வேண்டும். குரல் நோயாளிக்குக் கேட்டால் போதும். காதில் வாய் வைத்துக் கத்துவது, ஒலிபெருக்கி வைப்பது எல்லாம் பின்னால் வந்த பழக்கம்.

ஓத வேண்டியவை இந்த வரிசையில் இருக்கட்டும். வரிசை கட்டாயமில்லை; நினைவில் வைக்க எளிது என்பதற்காகச் சொல்கிறோம்.

1. சூரத்துல் ஃபாத்திஹா (குர்ஆனின் முதல் அத்தியாயம்). தேள் கொட்டிய ஒரு கூட்டத்தின் தலைவருக்கு அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) ஓதியது இதை மட்டும்தான். "அது ஓதிப்பார்க்கும் சூரா என்று உமக்கு எப்படித் தெரிந்தது?" என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டு அதை ஆமோதித்தார்கள். ஒன்றே ஒன்றுதான் தெரியும் என்றால் இதையே திரும்பத் திரும்ப ஓதுங்கள்.
2. ஆயத்துல் குர்ஸி (2:255), பிறகு பகரா என்ற 2ஆம் அத்தியாயத்தின் கடைசி இரு வசனங்கள் (2:285, 286).
3. சூனியம் என்ற சந்தேகம் இருந்தால் 7:117 முதல் 122 வரை, 10:81, 82, 20:69. மூஸா நபியிடம் சூனியக்காரர்கள் தோற்ற வசனங்கள் இவை. நோயாளிக்குப் பொருளையும் சொல்லிக்காட்டுங்கள். 'சூனியக்காரன் எங்கு வந்தாலும் வெற்றிபெற மாட்டான்' என்பதைத் தன் மொழியில் கேட்பவருக்குப் பாதிப் பயம் போய்விடும்.
4. குர்ஆனின் கடைசி அத்தியாயங்களான இக்லாஸ், ஃபலக், நாஸ் மூன்றும் மும்மூன்று முறை.
5. துஆக்கள்: "அத்ஹிபில் பஃஸ ரப்பன்னாஸ், இஷ்ஃபி அன்தஷ் ஷாஃபீ, லா ஷிஃபாஅ இல்லா ஷிஃபாஉக, ஷிஃபாஅன் லா யுகாதிரு ஸகமா." மனிதர்களின் இறைவா, துன்பத்தைப் போக்கு, குணமாக்கு, நீயே குணமளிப்பவன், உன் குணமன்றி வேறு குணமில்லை, நோயின் சுவடும் விடாத குணத்தைத் தா என்பது பொருள். வானவர் ஜிப்ரீல் (அலை) நபிக்கு ஓதியது: "பிஸ்மில்லாஹி அர்கீக, மின் குல்லி ஷையின் யுஃதீக, மின் ஷர்ரி குல்லி நஃப்ஸின் அவ் ஐனி ஹாஸிதின், அல்லாஹு யஷ்ஃபீக, பிஸ்மில்லாஹி அர்கீக." பெண்ணுக்கு ஓதும்போது 'அர்கீகி, யுஃதீகி, யஷ்ஃபீகி' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

உடம்பில் குறிப்பிட்ட ஓரிடம் வலித்தால் நோயாளியே அங்கே கை வைத்து 'பிஸ்மில்லாஹ்' என்று மூன்று முறையும், "அஊது பில்லாஹி வ குத்ரதிஹி மின் ஷர்ரி மா அஜிது வ உஹாதிர்" என்று ஏழு முறையும் சொல்ல வேண்டும். உஸ்மான் பின் அபில் ஆஸ் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) கற்றுக்கொடுத்தது இது.

இடையிடையே எச்சில் தெறிக்காத அளவுக்கு மெல்ல ஊதுங்கள். தண்ணீர் சொம்பிலும் ஊதலாம். அதை நோயாளி குடிக்கவும் குளிக்கவும் உலமாக்கள் அனுமதித்திருக்கிறார்கள். ஏழு இலந்தை இலையை அரைத்துத் தண்ணீரில் கலந்து, ஓதி, மூன்று மிடறு குடித்துவிட்டு மீதியில் குளிப்பது என்ற முறை தாபியீன்களில் (நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையினரில்) ஒருவரான வஹ்ப் பின் முனப்பிஹிடமிருந்து வருகிறது. அது நபிமொழி அல்ல. அனுபவ முறையாகச் சொல்லப்பட்டது. செய்ய நினைப்பவர் பச்சை இலையை நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும்.

காலையில் வெறும் வயிற்றில் ஏழு அஜ்வா வகைப் பேரீச்சம்பழம் சாப்பிட்டால் அன்று நஞ்சும் சூனியமும் தீண்டாது என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

ஓர் அமர்வு 20 நிமிடத்தில் முடிந்துவிடும். சுபுஹு (அதிகாலை) தொழுகைக்குப் பிறகும் மஃரிபு (அந்தி) தொழுகைக்குப் பிறகும் என்று தினம் இருமுறை வைத்துக்கொள்ளலாம். 41 நாள், 313 தடவை, 1,001 தடவை என்று வரும் எண்ணிக்கைகளுக்கு ஹதீஸில் அடிப்படை இல்லை. நபி சொன்ன இடத்தில் 3, 7 என்று எண்ணுங்கள். சொல்லாத இடத்தில் எண்ணவே வேண்டாம். வீட்டில் வாரம் ஒருமுறையாவது பகரா சூராவை ஓதுங்கள். 286 வசனம், நிதானமாக ஓதினால் இரண்டு மணி நேரம் ஆகும். வீட்டிலுள்ளவர்கள் பங்கு போட்டு ஓதலாம். அது ஓதப்படும் வீட்டைவிட்டு ஷைத்தான் ஓடுகிறான் என்பது முஸ்லிமின் ஹதீஸ். போனில் போட்டுவிட்டுச் சமையலைப் பார்ப்பது ஓதுவதற்கு ஈடாகாது. ஓதத் தெரியாத வீட்டுக்கு அதுவும் நல்லதுதான், ஆனால் ஃபாத்திஹாவையாவது சொந்த வாயால் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

ஓதும்போது தவறு நடக்கும் இடங்கள்

நோயாளி நடுங்குவார், அழுவார், கொட்டாவி விடுவார், சிலர் கத்துவார்கள். இதை வைத்து 'உள்ளே ஜின் இருக்கிறது' என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். எல்லோரும் சுற்றி நின்று தன்னையே உற்றுப் பார்க்கும்போது, ஏதோ நடக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே பயந்த உடம்பு உதறும். நெடுநாள் அடக்கிவைத்த துக்கமும் குர்ஆன் காதில் விழும்போது உடைந்து அழுகையாக வரும். அதனால் கூட்டத்தை வெளியே அனுப்புங்கள். ஓதுபவர், நோயாளி, நெருங்கிய ஒருவர், மூன்று பேர் போதும். வீடியோ எடுக்காதீர்கள். ஒரு பெண்ணின் அந்த ஐந்து நிமிடம் வாட்ஸ்அப்பில் போனால் அவர் வாழ்நாள் முழுக்கத் தலைகுனிய வேண்டி வரும்.

வேறு குரலில் பேச ஆரம்பித்தால்? பேச்சுக் கொடுக்காதீர்கள். ஓதுவதைத் தொடருங்கள். பெயர் என்ன, எந்த ஊர், யார் அனுப்பினார், எங்கே புதைத்திருக்கிறார்கள் என்று கேட்பதுதான் எல்லாக் கேடுக்கும் வாசல். ஜின்தான் பேசுகிறது என்றே வைத்துக்கொண்டாலும் அதன் சாட்சியம் எதற்கு ஆகும்? ரமலான் ஸகாத்தை (ஏழைகளுக்கான தானத்தை) காவல் காத்த அபூ ஹுரைரா (ரலி) அவர்களுக்கு ஆயத்துல் குர்ஸியின் சிறப்பைச் சொன்ன ஷைத்தானைப் பற்றி, "அவன் பொய்யன், ஆனால் உம்மிடம் உண்மை சொன்னான்" என்றார்கள் நபி. பொய் அவன் இயல்பு என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அந்த வாயிலிருந்து "சாச்சிதான் செய்தார்", "மூத்த மருமகள்தான் முட்டை புதைத்தாள்" என்று ஒரு பெயர் விழுந்தால் இரண்டு வீடுகள் தலைமுறைக்கும் பிரியும். கணவன் மனைவியைப் பிரிப்பதுதான் 2:102 சொல்லும் சூனியத்தின் வேலை. கேள்வி கேட்பவரே அந்த வேலையைச் செய்துமுடித்து விடுகிறார்.

அடிப்பது, கழுத்தை நெரிப்பது, விரல் நுனியை அழுத்திப் பிடிப்பது, மிளகாய்ப் புகை காட்டுவது, கட்டிப்போடுவது எதுவும் கூடாது. 'அடி ஜின்மீதுதான் விழுகிறது' என்பார்கள். காயம் மனிதர் உடம்பில்தான் இருக்கும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்திருக்கிறது.

குறிகாரரை எப்படி அடையாளம் காண்பது?

வெளித்தோற்றத்தில் தெரியாது. சுவரில் ஆயத்துல் குர்ஸி தொங்கும், பேச்சுக்குப் பேச்சு 'இன்ஷா அல்லாஹ்' வரும். பால் கிதாபு (குறிநூல்) பார்ப்பவர், மை போட்டுப் பார்ப்பவர், இஸ்மு (மந்திரப் பெயர்) வேலை செய்பவர் என்று பெயர் பல. ஒரே ஒரு சோதனை போதும்: மறைவானதைத் தெரியும் என்கிறாரா? உட்கார்ந்ததும் "உங்களுக்கு இரண்டு வருஷமாக இருக்கிறது, வீட்டுப் பெண் ஒருத்திதான்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்த அடையாளம் தாயின் பெயரைக் கேட்பது. அதை வைத்து அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிடுவோம். அரபி எழுத்து ஒவ்வொன்றுக்கும் அப்ஜத் கணக்கில் ஓர் எண் உண்டு. ஃபாத்திமா என்ற பெயருக்கு 80, 1, 9, 40, கடைசி எழுத்தை ஹே என்று கொண்டால் 5, ஆக 135. தாய் மர்யமுக்கு 40, 200, 10, 40, ஆக 290. இரண்டும் சேர்ந்து 425. அதை 12ஆல் வகுத்தால் மீதி 5. ஐந்தாவது ராசி சிம்மம், அதற்கு இன்ன கிரகம், இன்ன ஜின், இன்ன தகடு என்று போகும். இப்போது அதே பெயரின் கடைசி எழுத்தைத் தே என்று கொண்டு 400 போடுங்கள். ஃபாத்திமா 530, மொத்தம் 820, மீதி 4. ராசி கடகமாகிவிட்டது! ஒரே பெண், ஒரே தாய். எழுதுபவர் கை எந்த எழுத்தில் நின்றதோ அதுதான் அவளுக்கு வந்த 'நோய்'. 786 என்பதும் இதே கணக்கில் பிஸ்மில்லாவின் 19 எழுத்துகளைக் கூட்டி வந்த எண்தான்.

உடுத்திய துணி, முடி, புகைப்படம் கேட்பது. இன்ன நிறக் கோழியோ ஆடோ கேட்டு அதை அறுக்கும்போது அல்லாஹ்வின் பெயர் சொல்லாதே என்பது. பாதி ஓதி பாதி முணுமுணுப்பது. பெண்ணைத் தனியாக உள்ளே அழைப்பது. குளிக்காதே, தொழாதே என்பது. கணவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்துகொடு என்று பொட்டலம் நீட்டுவது. இதில் ஒன்று இருந்தாலும் அது ருக்யா அல்ல.

காசைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். அபூ ஸயீத் (ரலி) அவர்கள் ஃபாத்திஹா ஓதியதற்கு ஆட்டு மந்தை கூலியாகப் பெற்றார்கள், நபி அதை அனுமதித்தார்கள். எனவே ஓதியவர் கூலி வாங்குவதே ஹராம் (தடுக்கப்பட்டது) என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கூலி, ஆள் குணமாக வேண்டும் என்று பேசி, குணமான பிறகு கைக்கு வந்தது. முன்பணம், ஏழு நாள் கட்டணம், 'பெரிய வேலை' என்றால் இன்னும் கூடுதல் என்று வந்தால் அது வியாபாரம்.

"ஆனாலும் அவர் சொன்னது சரியாக இருந்ததே?" என்று கேட்பார்கள். இதே கேள்வியை நபியிடமும் கேட்டார்கள். ஜின் ஒட்டுக்கேட்ட ஓர் உண்மைச் சொல்லைத் தன் கூட்டாளியின் காதில் போடுகிறது, அவன் அதோடு நூற்றுக்கும் மேற்பட்ட பொய்களைக் கலக்கிறான் என்பது பதில். ஜின்களுக்கே மறைவானது தெரியாது என்பதற்கு 34:14 போதும். சுலைமான் நபி கைத்தடியில் சாய்ந்தபடி இறந்திருந்தார்கள். பூச்சி தடியை அரித்து அவர்கள் விழும்வரை, கண்ணெதிரே வேலை செய்துகொண்டிருந்த ஜின்களுக்கு அது தெரியவில்லை. அவர்களா உங்கள் வீட்டு நிலைப்படிக்கடியில் இருப்பதைச் சொல்லப்போகிறார்கள்? குறிகாரனிடம் போய்க் கேட்டாலே 40 இரவுத் தொழுகை ஏற்கப்படாது என்று முஸ்லிமில் வருகிறது. நன்மை கிடைக்காது என்பது அதன் பொருள். தொழுகையை விட்டுவிடலாம் என்பதல்ல. நாளிதழ் ராசிபலனும் போனில் வரும் கைரேகைச் செயலியும் இதே கணக்கில்தான் சேரும்.

தாயத்தைக் கழற்றுவது

ஏற்கெனவே கட்டியிருப்பவர்கள் கழற்றப் பயப்படுகிறார்கள். 'பிரித்தால் திருப்பி அடிக்கும்' என்று சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி, ஃபலக், நாஸ் ஓதி, நூலைக் கத்தரியுங்கள். செம்புக் குழலின் மூடியில் அரக்கு இருக்கும். சூடான கத்தி முனையால் எடுத்தால் வந்துவிடும். உள்ளே சுருட்டிய காகிதத்தில் குங்குமப்பூ மையால் எழுதியிருக்கும். பெரும்பாலும் ஒன்பது கட்டம் தென்படும்: முதல் வரியில் 4, 9, 2, அடுத்து 3, 5, 7, அடுத்து 8, 1, 6. எப்படிக் கூட்டினாலும் 15. நான்கு மூலையில் இருக்கும் 2, 4, 6, 8க்கு உரிய எழுத்துகளைச் சேர்த்தால் 'புதூஹ்' என்று வரும். அந்தச் சொல்லையே அழைத்து உதவி தேடுவார்கள். இந்தச் சதுரம் இஸ்லாத்துக்கு முன்பே சீனாவில் அறியப்பட்டிருந்த கணக்கு வேடிக்கை. குர்ஆனிலும் இல்லை, ஹதீஸிலும் இல்லை. சுற்றிலும் துண்டு துண்டாக வெட்டிய எழுத்துகள், பொருள் தெரியாத பெயர்கள், நட்சத்திரம் இருக்கலாம்.

காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து மை முழுக்கக் கரைந்ததும் கிழித்து, கால்படாத மண்ணில் புதைத்துவிடுங்கள், அல்லது எரியுங்கள். முடிச்சுக் கயிறாக இருந்தால் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துவிட்டு எரியுங்கள். நிலைப்படித் தகட்டையும் ஆணியோடு பிடுங்கிவிடலாம். வாசலில் ஊசி குத்திய எலுமிச்சையோ சாம்பலோ கிடந்தாலும் இதே மாதிரிதான்: ஓதி, காகிதத்தில் அள்ளி, அப்புறப்படுத்திவிட்டு வேலையைப் பாருங்கள். போட்டோ எடுத்து யார் வைத்தது என்று சொந்தக்காரர்களைக் கேட்க வேண்டாம்.

வெறும் குர்ஆன் வசனத்தை மட்டும் எழுதிக் கட்டுவதில் நபித்தோழர்களான ஸஹாபாக்கள் காலத்திலிருந்தே இரண்டு கருத்து உண்டு. அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) தம் சிறு பிள்ளைகளுக்குக் கட்டினார்கள் என்ற அறிவிப்பு இருக்கிறது. இப்னு மஸ்ஊத் (ரலி) அதையும் வெறுத்தார்கள். தாயத்தைத் தொங்கவிட்டவர் இணைவைத்துவிட்டார் என்ற ஹதீஸ் பொதுவாக வந்திருப்பதால், கட்டாமல் இருப்பதே பத்திரமான வழி. குழலுக்குள் அடைத்துக் கழிப்பறைக்கும் போய்வருவதைவிட வாயால் ஓதுவது வசனத்துக்கும் மரியாதை.

கண்ணேறு

'கண்ணேறு உண்மை' என்பது நபிமொழி. ஸஹ்ல் பின் ஹுனைஃப் (ரலி) குளிப்பதைப் பார்த்து ஆமிர் பின் ரபீஆ (ரலி) "இப்படியொரு மேனியைக் கண்டதில்லை" என்றதும் ஸஹ்ல் சுருண்டு விழுந்தார். "பரக்கத் (இறையருள்) வேண்டி துஆச் செய்திருக்கக்கூடாதா?" என்று கடிந்துகொண்ட நபி (ஸல்) அவர்கள், ஆமிரைக் கழுவச் சொல்லி அந்தத் தண்ணீரை ஸஹ்ல்மீது ஊற்றவைத்தார்கள். யாருடைய கண் என்று உறுதியாகத் தெரிந்து, அவரும் மனம் கோணாதவராக இருந்தால் உளூச் செய்த தண்ணீரைக் கேட்கலாம். தெரியாவிட்டால் துருவ வேண்டாம், ஓதினாலே போதும். உப்பு, மிளகாய் சுற்றிப்போடுவதும், நெடி வரவில்லை என்பதால் கண் பட்டிருக்கிறது என்பதும் ஆதாரமற்றவை. நெடி வருவது மிளகாயின் ஈரத்தையும் நெருப்பின் சூட்டையும் பொறுத்தது. அழகான பிள்ளையையோ புது வீட்டையோ பார்த்தால் 'பாரகல்லாஹ்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

தினசரி

காலையிலும் மாலையிலும் மூன்று முறை: "பிஸ்மில்லாஹில்லதீ லா யளுர்ரு மஅஸ்மிஹி ஷையுன் ஃபில் அர்ளி வலா ஃபிஸ்ஸமாஇ வஹுவஸ் ஸமீஉல் அலீம்." அல்லாஹ்வின் பெயரோடு இருக்கையில் வானத்திலும் பூமியிலும் எதுவும் தீங்கு செய்யாது என்பது பொருள். இருட்டத் தொடங்கும் நேரத்தில் சிறு பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு, பிஸ்மில்லாஹ் சொல்லிக் கதவை அடையுங்கள்.

படுக்கும்போது ஆயத்துல் குர்ஸி ஒருமுறை. பிறகு இரு உள்ளங்கையையும் சேர்த்து, இக்லாஸ், ஃபலக், நாஸ் ஓதி அதில் ஊதி, தலை, முகம், உடம்பின் முன்பக்கம் என்று கை எட்டும் இடமெல்லாம் தடவ வேண்டும். இப்படி மூன்று முறை. நபி (ஸல்) அவர்கள் ஒவ்வோர் இரவும் செய்தார்கள். கடைசி நோயில் கையைத் தூக்க முடியாதபோது ஆயிஷா (ரலி) ஓதி, நபியின் கையாலேயே அவர்கள் உடம்பில் தடவிவிட்டார்கள். உங்கள் வீட்டில் நோயாளியால் ஓத முடியவில்லை என்றால் நீங்களும் அப்படியே செய்யலாம். சிறு பிள்ளைகளுக்கு, நபி (ஸல்) தம் பேரர்கள் ஹஸன், ஹுஸைனுக்காகப் பாதுகாப்புத் தேடிய சொற்கள் இருக்கின்றன: "அஊது பி கலிமாதில்லாஹித் தாம்மஹ், மின் குல்லி ஷைத்தானின் வ ஹாம்மஹ், வ மின் குல்லி ஐனின் லாம்மஹ்." பிள்ளை தூங்கிப்போயிருந்தாலும் தலைமாட்டில் உட்கார்ந்து ஓதலாம்.